முடிவு உங்களுக்கு வராது

நடந்தவை, வரிசையாக:

1. அந்தமானில், லாங் ஐலண்டு தீவில் வேலையாக இருந்தபோது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் வலி.
2. கடல் மோசமாக இருந்ததால் போர்ட் பிளேருக்குத் திரும்ப வேண்டிய படகு கிளம்பவில்லை.
3. அப்பா தன் பையில் இருந்த மாத்திரையைக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது.
4. வீடு வந்து சேர்ந்ததும் மறுபடி ஏறியது, முன்பைவிட அதிகமாக.
5. ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்தார்கள். கிருமி எதுவும் வளரவில்லை.
6. ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் சீழ்க்கட்டி தெரிந்தது.
7. ஊசி வழியாக எடுத்த சீழில் கிருமி வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மருந்துகளில் ஏறக்குறைய எதற்கும் அது அடங்கவில்லை.
8. அந்தச் சீழ், மேலே ஒரு எண் ஒட்டப்பட்டு, நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்தது.

எட்டாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மூன்றாவதைச் சொல்லாமல் எட்டாவதைச் சொல்ல முடியாது.

என் பெயர் சரண்யா. நுண்ணுயிரியல் படித்தவள். வீடு பாம்பூஃப்ளாட்டில். காலையில் ஃபெரியில் சாத்தாம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போவேன். ஆன்டிபயாடிக் மருந்துக்குச் சாகாத கிருமிகள் தீவுகளில் எப்படிப் பரவுகின்றன என்பதுதான் எங்கள் ஆய்வு. மூன்று நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. இங்கே நாங்களும், ஃபிஜியில் ஒரு ஆஸ்பத்திரி ஆய்வகமும் ஆட்களிடமும், கிணற்றிலும் சாக்கடையிலும் சாம்பிள் எடுத்துக் கிருமியை வளர்க்கிறோம். நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதன் மரபணுவை முழுதாகப் படிக்கிறார்கள். எல்லா முடிவும் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்கிறது. லாங் ஐலண்டில் ஒருவருக்கு வந்த கிருமியின் உறவு பசிபிக்கில் எங்கேயாவது இருக்கிறதா என்று அதில் தேடிப் பார்க்கலாம்.

அந்தத் தொகுப்பில் யாருடைய பெயரும் இருக்காது, எண்தான் இருக்கும். சாம்பிள் கேட்டுப் போகும்போது ஒப்புதல் படிவத்தை நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் ஒரு வாக்கியம்: "இந்தச் சோதனையின் முடிவு உங்களுக்கு வராது." அதைத் தமிழிலும் இந்தியிலும் நான் எத்தனை வீட்டு வாசலில் சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. சொல்லிச் சொல்லி, அது ஒரு வாக்கியமாகவே என் காதில் விழாமல் போயிருந்தது.

அப்பா தீவுகளுக்கிடையே ஓடும் படகில் கலாசி. கயிறு கட்டுவது, சாமான் ஏற்றுவது, ஆட்களைக் கைபிடித்து இறக்குவது அவர் வேலை. இந்த வேலையோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு. தூரத்துத் தீவுகளில் இருப்பவர்கள், மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையைக் கொண்டுவந்து படகுக்காரர் கையில் கொடுப்பார்கள். சீட்டு எல்லாம் கிடையாது. அப்பா போர்ட் பிளேரில் அந்த அட்டையைக் காட்டி, அதே மாத்திரையை வாங்கி, அடுத்த நடையில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவருடைய காக்கிப் பையில் எப்போதும் நாலைந்து காலி அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நடுவில் ஆன்டிபயாடிக்கும் இருக்கும். அவரைப் பொறுத்தவரை எல்லாம் ஒன்றுதான்.

"அப்பா, எல்லா அட்டைக்கும் இப்படி வாங்கிக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறேன்.

"கப்பல் வராத நேரத்துல நீ போய்க் குடுப்பியா புள்ள?" என்பார். வானிலை கெட்டால் படகு நிற்கும். டாக்டர் விடுப்பில் போனால் பி.எச்.சி.யில், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில், நர்ஸ் மட்டும் இருப்பார். கையில் ஒரு அட்டை மாத்திரை இருப்பது தைரியம். தீவில் எல்லா வீட்டிலும் அந்தத் தைரியம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும்.

லாங் ஐலண்டில் எல்லாரும் பூல்மணி தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஒருவர். இது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. அவரிடமும் அவர் மருமகளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து காட்டுவேலை செய்த குடும்பம். அவருடைய மருமகளுக்குச் சிறுநீர் எரிச்சல் வந்து வந்து போகும். முந்தைய பயணத்தில் அந்தப் பெண் எங்கள் ஆய்வுக்குச் சாம்பிள் கொடுத்திருந்தாள். இந்த முறை கிணற்றுத் தண்ணீர் சாம்பிள் எடுக்கப் போன என்னை தீதி வாசலிலேயே நிறுத்தினார்.

"மகளே, என் பஹூவோட, மருமகளோட ரிசல்ட் என்ன ஆச்சு?"

நான் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"எங்களுக்கு வராதா? அப்ப யாருக்குப் போகும்?"

"ஆராய்ச்சிக்கு, தீதி. நிறையப் பேருக்குப் பின்னால உதவும்."

"அச்சா" என்றார். "என் மருமகள் மூத்திரம் ஃபாரின் வரைக்கும் போகும். போர்ட் பிளேர்லேர்ந்து என் வீட்டுக்கு வராது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். டீ குடிக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் என்பது இந்தக் கதையில் முக்கியம். வெளி வேலைக்குப் போகும் நாட்களில் நான் எதுவும் குடிக்க மாட்டேன். படகில் கழிவறை எப்படி இருக்கும் என்பது பெண்களுக்குத் தெரியும். படகுத்துறையில் அதுவும் இல்லை. எங்கள் ஆய்வகத்துப் பெண்கள் எல்லாருக்கும் இதே பழக்கம்தான், பேசி வைத்துக்கொண்டதில்லை. பிறகு டாக்டர் சொன்னார், என் வலது சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல் இருந்திருக்கிறது. தண்ணீர் குறைந்து, சிறுநீர் தேங்கி, கல்லுக்குப் பின்னால் கிருமி உட்கார வசதியாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் விருந்தினர் விடுதியில் படுத்தவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது. அப்பாவின் படகு அன்றுதான் வந்து கட்டியிருந்தது. கடல் எழும்பியிருந்ததால் மறுநாள் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பி.எச்.சி.யில் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள், டாக்டர் இல்லை. அப்பா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே பூல்மணி தீதியின் குரல் கேட்டது. மருமகளின் காலி அட்டைக்கு அப்பா வாங்கி வந்திருந்த புது அட்டையைக் கேட்டு வந்திருந்தார்.

"தீதி, இது உங்க பஹூவோடது. ஆனா என் புள்ளைக்கு உடம்பு கொதிக்குது."

"அதுக்கு என்ன, கொடு அவளுக்கு. பஹூ அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் இருப்பா. முதல்ல இந்தப் பொண்ணைப் பாரு."

இரண்டு பேருக்கும் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. படகு நின்ற தீவில் ஒருவர் கையில் இருக்கிற மருந்து, யாருக்கு இப்போது வேண்டுமோ அவருக்கு. முதலில் சாம்பிள், பிறகுதான் மாத்திரை என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நான். அப்பா என்னைத் தூக்கி உட்காரவைத்து மாத்திரையை வாயில் வைத்தபோது விழுங்கிவிட்டேன். அதில் இருந்த அன்பு தெரிந்தது. தண்ணீரும் குளிர்ச்சியாக இருந்தது.

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டாக்டர் ரீமா. வங்காளி, என் அம்மாவின் வயதிருக்கும். கேட்ட முதல் கேள்வி: "இங்க வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை?"

"இல்லைங்க டாக்டர்" என்றார் அம்மா, அவசரமாக.

"எடுத்தேன்" என்றேன் நான்.

அப்பா பையைத் திறந்து அட்டையை மேசையில் வைத்தார். பாதிக் குமிழ்கள் உடைந்திருந்தன. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். "யே கிஸ்கா ஹை, அங்கிள்? யாருக்கு எழுதினது?"

"யாரும் எழுதல மேடம். அட்டையைப் பாத்து வாங்கினது."

டாக்டர் ரீமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அட்டையைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

கல்ச்சர் என்பது எளிய விஷயம். சாம்பிளை ஒரு தட்டில் தடவி வைத்தால் அதில் இருக்கும் கிருமி வளரும். வளர்ந்த கிருமியின் மேல் ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்த்து, எதற்குச் சாகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் பாதி அட்டை மாத்திரை உள்ளே போனபின், மருந்து செறிந்து இறங்கும் சிறுநீரில் கிருமி அடங்கிக் கிடக்கலாம், தட்டில் வளராது. அதனால் உடம்பிலும் இல்லை என்று அர்த்தமில்லை. "வளர்ச்சி இல்லை" என்று என் கையால் எத்தனையோ அறிக்கை அடித்திருக்கிறேன். அதே இரண்டு சொற்களை என் பெயருக்குக் கீழே பார்த்தபோது, எதிரே நிற்பவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டதுபோல இருந்தது.

எந்தக் கிருமி என்று தெரியாததால் வழக்கமான வலுவான ஊசியைத் தொடங்கினார்கள். காய்ச்சல் காலையில் இறங்கும், மதியம் ஏறும். ஸ்கேன் அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் நான் காத்திருக்கும்போது அம்மா பக்கத்து ஆட்களிடம் எல்லா விவரமும் சொல்லி முடித்திருப்பார். எங்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தது. அம்மா அங்கே பிறந்தவர். தேத்தண்ணி ஃபிளாஸ்க் இல்லாமல் எங்கும் போக மாட்டார். தினமும் முதல் ஃபெரியில் கஞ்சியோடு வந்துவிடுவார். ஃபெரியில் டிக்கெட் கிழிப்பவர் என் காய்ச்சல் அளவைக் கேட்டுவிட்டுத்தான் அவரை ஏற்றுவாராம்.

"சாக்கடைத் தண்ணியத் தொட்டுத்தான் இந்தப் புள்ளைக்கு வந்துச்சு" என்று ஒருநாள் ஒரு தெலுங்குப் பெண்மணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படிச்சுப்போட்டு சாக்கடையை அள்ளுது. கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும்."

"கல்யாணம் பண்ணினாலும் சிறுநீரகத்துல கல் வரும்மா" என்றேன்.

"வந்தா அவன் பாத்துப்பான்ல" என்றார். அந்தப் பெண்மணி சிரித்ததில் அவர் கையில் போட்டிருந்த ஊசிக்குழாய் இழுபட்டு, நர்ஸ் ஓடிவந்தார்.

ஸ்கேனில் சீழ்க்கட்டி தெரிந்த அன்று டாக்டர் ரீமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். கட்டியில் ஊசிக்குழாய் வைத்துச் சீழை வெளியே எடுப்பார்கள். அதைச் சோதித்துச் சரியான மருந்து கிடைத்துவிட்டால் சிறுநீரகம் பிழைக்கும். கிடைக்காமல் கட்டி பெரிதானால், அல்லது கிருமி ரத்தத்தில் இறங்கினால், சென்னைக்கு அனுப்பி அந்தச் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியிருக்கும்.

"ஒரு கிட்னியோட நல்லா இருக்கலாம்" என்றார். "ஆனா உனக்கு இருபத்தேழு வயசு. இன்னொண்ணும் கல் வைக்கிற கிட்னியா இருந்தா? அதைக் காப்பாத்தப் பார்க்கிறேன்."

சீழ் எடுப்பது பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போகும் ஊசி, பிறகு ஒரு அழுத்தம், பிறகு முதுகோரம் ஒரு மெல்லிய குழாயும் பையும். பையில் இறங்கியதைப் பார்த்து என் தொழில் புத்தி முதலில் அதன் நிறத்தைக் குறித்துக்கொண்டது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இந்த முறை வளர்ந்தது. நிமோனியாவையும் சிறுநீர்த் தொற்றையும் உண்டாக்குகிற, ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் பழக்கமான ஒரு கிருமிதான். ஆனால் மருந்துத் தட்டில் ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் அது நெருக்கமாக வளர்ந்திருந்தது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் ஊசிகளுக்கும் அடங்கவில்லை. மிஞ்சியது இரண்டு வழி.

ஒன்று, பழைய ஊசி. ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கிருமியைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையே கெடுக்கக்கூடியது. சிறுநீரகத்தைக் காப்பாற்ற அதைப் போடுவது எப்படி என்று டாக்டர் தயங்கினார்.

இரண்டு, புதிய இரட்டை மருந்து. சிறுநீரகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. இங்கே கிடைக்காது, மெயின்லேண்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அது எல்லாக் கிருமிக்கும் வேலை செய்யாது. கிருமியிடம் மருந்தை உடைக்கும் நொதி இருக்கிறது. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒரு வகை என்றால் இந்த மருந்து போதும். இன்னொரு வகை என்றால் இது வெறும் தண்ணீர். கூடவே வேறொரு மருந்தும் வேண்டும். மாற்றி வரவழைத்தால் நாட்கள் போய்விடும்.

மரபணு எந்த வகை என்று சொல்லும் சோதனை ஆஸ்பத்திரியில் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. நார்வேக்காரர்கள் கொடுத்த கிட், எங்கள் குளிர்பெட்டியின் இரண்டாவது தட்டில், இடது பக்கம். அடுக்கி வைத்தவள் நான். ஆஸ்பத்திரியில் அடங்காத கிருமி வளர்ந்தால் எங்களுக்கு அனுப்புவது வழக்கம் என்பதால் என் சீழும் அங்கே போயிருந்தது, ஒரு எண்ணாக. ஒப்பந்தப்படி அதைச் சோதிப்போம், தொகுப்பில் சேர்ப்போம். முடிவு நோயாளிக்கும் டாக்டருக்கும் வராது.

எங்கள் ஆய்வகத் தலைவர் சுதா மேடம் வார்டுக்கு வந்தார். பழம் எதுவும் வாங்கி வரவில்லை, அவர் அப்படித்தான். "இன்னைக்கு நம்ம வாராந்திர மீட்டிங். நான் கேட்கப் போறேன். அது நீதான்னு சொல்லட்டுமா? நீ வேண்டாம்னா பேர் சொல்லாம கேட்கறேன்."

"சொல்லுங்க மேடம். நானும் சேர்ந்துக்கறேன். எப்பவும் குறிப்பு எடுக்கறது நான்தானே."

வார்டின் ஜன்னல் பக்கம் சிக்னல் வரும். கட்டிலை அங்கே தள்ளிக்கொண்டார்கள். ஃபோனில் மூன்று சதுரங்கள்: நார்வேயிலிருந்து மாரித், ஃபிஜியிலிருந்து டாக்டர் அனிலா, மூன்றாவதில் தலையணையோடு நானும் மேடமும். அனிலாவின் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள். அவருடைய ஃபிஜி இந்தியும் எங்கள் அந்தமான் இந்தியும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்துக்கொள்ளும் தூரத்துச் சொந்தங்கள். என்னைப் பார்த்ததும், "அரே, மீட்டிங்குக்கு லீவு போட இவ்வளவு செய்யணுமா, பஹன்?" என்றார்.

சுதா மேடம் விஷயத்தைச் சொன்னார். அனிலா உடனே, "சோதிச்சுச் சொல்லிடுங்க. இதுல என்ன பேச்சு?" என்றார்.

மாரித் யோசித்துப் பேசுகிறவர். "அந்த விதியை எழுதியதில் நானும் ஒருத்தி. காரணம் இருக்கிறது. இந்தக் கிட் ஆராய்ச்சிக்கு வந்தது, சிகிச்சைக்குச் சரிபார்க்கப்பட்டது அல்ல. தப்பான முடிவைக் கொடுத்தால் தப்பான மருந்து போகும். அது சரண்யாவுக்கு நடந்தால் நான் என்ன சொல்வேன்?"

நான் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். தெரிந்த இரண்டு வகைக் கிருமிகளையும் பக்கத்தில் வைத்துச் சோதனையை இரண்டு முறை செய்யலாம். மருந்தைத் தீர்மானிப்பது கிட் அல்ல, டாக்டர் ரீமா. அவர் எழுத்தில் கேட்பார். ஆபத்து என்னுடையது, எனக்குச் சம்மதம். வரிசை மாறாமல் சொல்லி முடித்தேன். பக்கத்தில் அப்பா, ஆங்கிலம் புரியாமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரித் நான் சொன்னதைத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு ஆட்சேபமில்லை. செய்யுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்த மீட்டிங்கில் வந்து கேட்க முடிகிற நோயாளி நீ ஒருத்திதான். மற்ற எண்களுக்கு என்ன செய்யப் போகிறோம்?"

எனக்குக் காதில் விழுந்தது பூல்மணி தீதியின் சிரிப்பு. அவருடைய மருமகளின் எண் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய கிருமி எந்த மருந்துக்குச் சாகாது என்பது எங்கள் தொகுப்பில் அப்போதே இருந்தது. அவள் காலி அட்டையைப் படகில் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அதைத்தான் மாத்தணும்" என்றார் சுதா மேடம். "இவளுக்கு மட்டும் செஞ்சா அது சலுகை."

என் சோதனையை மேடமே செய்தார். இரண்டு முறையும் ஒரே விடை: முதல் வகை. புதிய மருந்து ஒன்றே போதும். டாக்டர் ரீமா அந்த வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப எனக்கு எதிரியோட முகம் தெரியும்" என்றார்.

மருந்தைச் சென்னையில் ஆஸ்பத்திரி மூலமாகவே ஏற்பாடு செய்தார்கள். விமானத்தில் வந்தது. விமான நிலையத்தில் வாங்கிவரப் போனவர் அப்பா. மருந்து என்றாலே குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்று நினைத்து, படகில் மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார். வார்டுக்குள் அவர் நுழைந்ததும் எல்லாரும் மூக்கைப் பிடித்தார்கள்.

"அங்கிள், இதுக்கு ஐஸே வேண்டாம். வெளியவே வைக்கலாம்" என்றார் நர்ஸ்.

"இருக்கட்டும் சிஸ்டர். கெட்டுப் போகாம வந்துச்சுல்ல." பிறகு பையிலிருந்து டாக்டர் எழுதிய சீட்டை எடுத்து, மடிப்பை நீவி, மருந்துப் பெட்டியின் மேல் வைத்தார். "சீட்டு இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

மருந்து ஏறத் தொடங்கியபின் உடனே ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் காய்ச்சல் வந்தது. ஆனால் உச்சி கொஞ்சம் குறைந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு மதியம், வழக்கமாக நடுக்கம் வரும் நேரத்தில், அது வருமென்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் கஞ்சித் தூக்கைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில் தெலுங்குப் பெண்மணிதான் எழுந்துவந்து தூக்கைத் திறந்து எனக்கு ஊற்றினார்.

அப்பா அந்த அட்டையைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே முறைதான். பையிலிருந்த மற்றக் காலி அட்டைகளைக் கட்டிலில் பரப்பினார். "இதுல எது நீ சொல்ற மருந்து?" பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு பக்கம் ஒதுக்கினேன். ஆன்டிபயாடிக் அட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றைத் தனியாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வாங்கிட்டுப் போகலன்னா என்னைக் கேப்பாங்களே புள்ள."

"இதைக் குடுத்தவங்க பேரைச் சொல்லுங்கப்பா. பி.எச்.சி. நர்ஸ்கிட்ட நான் ஃபோன்ல பேசறேன்."

"ஒவ்வொரு அட்டைக்குமா?"

"ஒவ்வொரு அட்டைக்கும்."

"அப்ப என் வேலை பாதி உனக்கு வந்துருச்சு" என்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. என் காய்ச்சலுக்குப் பிறகு முதல் முறையாக.

விதியை மாற்றுவது மருந்தைவிட மெதுவாக வேலை செய்தது. மூன்று நாட்டின் அறநெறிக் குழுக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாரித் வரைவை எழுதினார். அனிலா அதில் பாதியை வெட்டினார். நான் வீட்டில் ஓய்வில் இருந்தபடியே தமிழிலும் இந்தியிலும் எழுதினேன். இங்கே எடுத்த பழைய சாம்பிள்களுக்கு எங்கள் குழுவின் ஒப்புதல் போதும், அது முதலில் வந்தது. வந்ததும் சுதா மேடம், எண்ணையும் பெயரையும் இணைக்கும் பூட்டிய கோப்பைத் திறந்தார். மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவர்களின் முடிவுகள் அவரவர் தீவின் டாக்டருக்குப் போயின.

தீதியின் மருமகளுடையதைச் சொல்ல நானே ஃபோன் செய்தேன். அவள் திரும்பத் திரும்பச் சாப்பிட்ட மாத்திரை அவள் கிருமியை ஒன்றும் செய்யாது. வேறு ஒரு பழைய மாத்திரை போதும், பி.எச்.சி.யிலேயே இருக்கிறது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று தீதி கேட்டார்.

"நான் உங்க வாசல்ல நின்னப்பவே, தீதி."

மறுமுனையில் தீதி கோழியை விரட்டுவது கேட்டது. பிறகு, "இப்பச் சொன்னியே. உன் உடம்பு எப்படி?" என்றார். "அடுத்த தடவை வந்தா டீ குடிச்சிட்டுத்தான் போகணும். என் வீட்டு பாத்ரூம் சுத்தமா இருக்கு."

இப்போது நிலைமை இதுதான். என் வலது சிறுநீரகம் இருக்கிறது. ஸ்கேனில் அதன் ஓரத்தில் ஒரு தழும்பு தெரிகிறது, வேலை செய்கிறது. கல்லை எடுத்துவிட்டார்கள். அந்தக் கிருமி என் குடலில் இன்னும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தொகுப்பில் அதற்கு நெருங்கிய உறவுகள் மெயின்லேண்டிலும் ஃபிஜியிலும் உண்டு, எங்கள் ஆய்வகத்துச் சாக்கடைச் சாம்பிள்களில் இல்லை. அம்மா இதை நம்பவில்லை. தீதியின் மருமகளுக்கு எரிச்சல் நின்றிருக்கிறது. அப்பா ஆன்டிபயாடிக் அட்டையை வாங்குவதில்லை. கொடுப்பவர்களில் சிலர் வேறு படகுக்காரரிடம் கொடுக்கிறார்கள். ஃபிஜியிலும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. நார்வேயில் கையெழுத்து பாக்கி. புதிய படிவத்தில் அந்த வாக்கியம் இல்லை. "உங்கள் சிகிச்சைக்கு உதவும் முடிவு உங்களுக்கு வரும்" என்று இருக்கிறது. பழைய எண்களில் சிலருடைய முடிவுகள் இன்னும் போய்ச் சேரவில்லை. தீவு மாறிப் போய்விட்டார்கள், ஃபோன் எண் மாறிவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறோம்.